குடிக்கவில்லை, ஆனாலும் தடுமாறுகிறார்

ஏற்காட்டை அடுத்த மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருப்பதால், அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறோம்.

“என் கணவருக்கு 51 வயது. சொந்தமாக பிக்கப் வேன் வைத்து, காபிக்கொட்டை, மிளகு மூட்டைகளை மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கி வந்தார். இருபது வருடத்துக்கு மேல் குடிப்பழக்கம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கண் மஞ்சளாகி, வயிறும் காலும் வீங்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து அவர் குடிப்பதில்லை. வயிற்றிலிருந்து மூன்று தடவை தண்ணீர் எடுத்தார்கள். கடைசியாக, பத்து நாளைக்கு முன் 8 லிட்டர். அப்போது அல்புமின் என்று ஒரு பாட்டில் ஏற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும், சத்து பாட்டில்தானே என்று வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டார். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. டிரிப் கணக்கு எழுதும் நோட்டில் கையெழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போன வாரம் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்ற மறந்து, லோடு வண்டி பின்னால் உருண்டுவிட்டது. வாயில் ஒரு மாதிரி இனிப்பு வாடை வேறு. திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று என் கொழுந்தனார் சண்டை போடுகிறார். தூங்கட்டும் என்று மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூட்டு வலிக்கு அவ்வப்போது ஊசி போட்டுக்கொள்கிறார். பேதி சிரப்பை நிறுத்திவிட்டார்; வண்டி ஓட்டும்போது எங்கே இறங்கி ஓடுவது என்கிறார். மாமியார் முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் ஊறுகாயும், கூடவே கீழாநெல்லியும் தருகிறார். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான். இரண்டு மூன்று நாளாக மலம் கருப்பாகப் போகிறது, இரும்புச் சத்து மாத்திரையால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். 19 வயது மகன் தன் ஈரலைத் தருகிறேன் என்கிறான். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதால் நான் கொடுக்க முடியாதாம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.”

கடிதத்தோடு ரத்தப் பரிசோதனைத் தாள்களும் இருந்தன. பதில் சொல்பவர் சேலத்தில் பணிபுரியும் குடல், ஈரல் நோய் மருத்துவர்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை அச்சுக்காகக் காத்திருக்க வைக்க முடியாது என்பதால், அதில் இருந்த எண்ணில் உடனே பேசினேன். வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள், இன்றே கீழே இறக்கி மருத்துவமனையில் சேருங்கள் என்றேன். அன்று மாலையே சேர்த்துவிட்டதாகத் தகவல் சொன்னீர்கள், நல்லது. ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்பதையும், இனி என்னென்ன முடிவுகள் உங்கள் முன்னால் வரும் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும்.

முதலில், எதனால் இவ்வளவும் வருகிறது என்று பார்த்துவிடலாம். குடலில் இருந்து வரும் ரத்தம் முழுவதும் ஈரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். ஈரல் தழும்பேறி இறுகிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. உங்கள் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் கிடைத்த குறுக்குச் சாலைகளில் எல்லாம் புகுவதுபோல, ரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. அழுத்தம் கூடக் கூட உடல் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்ற கழிவுகள் வடிகட்டாமலே மூளைக்குப் போய்விடுகின்றன. வயிறு, ரத்தக் கசிவு, மூளை மந்தம், சிறுநீரகம் என்று நீங்கள் தனித்தனியாக எழுதியவை எல்லாம் ஒரே அடைப்பிலிருந்து கிளம்பியவை.

ஆனால் இதே ஈரலோடு அவர் ஒரு மாதத்துக்கு முன் நடமாடிக்கொண்டுதானே இருந்தார்? பத்து நாளில் ஈரல் புதிதாகச் சுருங்கிவிடவில்லை. ஏதோ ஒன்று தள்ளிவிட்டிருக்கிறது. இந்த நோயில் திடீர்ச் சரிவு வந்தால் நான் முதலில் தேடுவது அந்தத் தள்ளலைத்தான், ஏனென்றால் பெரும்பாலும் அதைச் சரிசெய்ய முடியும். உங்கள் கடிதத்தில் ஒன்றல்ல, ஆறேழு தெரிகின்றன.

குடிக்கவில்லை, மூளைதான் மந்தமாகியிருக்கிறது

உங்கள் கொழுந்தனாரிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். பகலில் உறக்கமும் இரவில் விழிப்பும், கோணல் கையெழுத்து, பழகிய வேலையில் தடுமாற்றம், எரிச்சல், வாயில் இனிப்பும் பூஞ்சையும் கலந்த வாடை. எல்லாம் ஈரல் செயலிழப்பால் மூளை பாதிக்கப்படும்போது வருபவை. வெளியிலிருந்து பார்த்தால் போதைபோலவே இருக்கும். இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரிக்கச் சொன்னால் கைகள் படபடவென்று தட்டித் தட்டி விழும். மருத்துவர் இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிப்பார். அம்மோனியா அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை; அந்த எண்ணை வைத்து மருந்தின் அளவையும் மாற்றுவதில்லை.

இதற்கு முதல் மருந்து அவர் நிறுத்திய அந்தச் சிரப், லாக்டுலோஸ். அதைப் பேதி மருந்து என்று நினைத்துத்தான் நிறுத்தினார். மலச்சிக்கலைப் போக்குவது அதன் வேலையில் ஒரு பாதிதான். குடலை அமிலத்தன்மைக்கு மாற்றி, அம்மோனியா ரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு வெளியேறச் செய்வது மறுபாதி. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும், அதுதான் குறி. போகவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும். ஐந்தாறு முறை தண்ணீராகப் போனால் குறைக்க வேண்டும். உடம்பு வறண்டால் மந்தம் அதிகமாகும். இதையும் மீறித் திரும்பத் திரும்ப வந்தால் ரிஃபாக்சிமின் என்ற மாத்திரையைச் சேர்ப்போம். ஆள் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது வாயில் சிரப்பை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் மருத்துவமனையில் ஆசனவாய் வழியாகக் கொடுப்பார்கள்.

தூக்க மாத்திரையை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். இரவில் தூக்கம் வராதது ஈரலின் அறிகுறி. அதற்கு அல்பிரசோலம் போன்ற மாத்திரை கொடுத்தால், மங்கிக்கொண்டிருக்கும் மூளை மேலும் மங்கும். மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

வண்டி விஷயம். இந்த மந்தம் வெளியே தெரியாத ஆரம்பக் கட்டத்திலேயே கண் பார்த்துக் கை செய்யும் வேகம் குறைந்துவிடும். பேச்சு தெளிவாக இருக்கும், ஆனால் பிரேக்கில் கால் போகத் தாமதமாகும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிய வண்டியோடு அதில் இறங்குவது அவருக்கு மட்டும் ஆபத்து இல்லை, எதிரே பைக்கில் வருகிறவருக்கும் ஆபத்து. இந்தச் சிக்கல் சரியாகி, மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும் வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தவணை கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கூலிக்கு ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டுங்கள், அல்லது வண்டியை வாடகைக்கு விடுங்கள். வருமானம் குறையும், தெரிகிறது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தக் கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தினமும் காலையில் அதில் தேதியும் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். எழுத்து இறங்குகிறது என்றால், பேச்சில் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். என்னுடைய நோயாளிகள் சிலரின் வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். ஸ்கேனை விட முன்னால் சொல்கிறது.

வயிற்று நீரும் அந்த விலை உயர்ந்த பாட்டிலும்

தண்ணீர் எடுத்தால் சத்து போய்விடும், ஒரு தடவை எடுத்தால் பழகிவிடும் என்று பயப்படுகிறார்கள். நீர் திரும்பக் கோப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் அழுத்தமும் உப்பும்தான், ஊசி இல்லை. மூச்சு முட்டும் அளவுக்கு வயிறு இறுகினால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ரத்தம் உறைவது குறைவு, பிளேட்லெட் 78,000தான் இருக்கிறது என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். ஈரல் நோயாளிகளுக்கு இந்த எண்களோடுதான் வழக்கமாக எடுக்கிறோம்.

தவறு நடந்தது அளவிலும் அல்புமினிலும். 5 லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால், வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்ற வேண்டும். 8 லிட்டருக்கு 48 முதல் 64 கிராம். 20 சதவீத அல்புமின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும், அப்படியென்றால் மூன்று பாட்டில். இது உடம்பைத் தேற்றுகிற சத்து ஊசி கிடையாது; ரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைக்கும் ரத்தப் புரதம். இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் தளர்ந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். உங்கள் தாள்களில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது: தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ஒரு மாதத்துக்கு முன் 0.8 இருந்தது, இப்போது 1.3. நார்மல் அளவுக்குக் கொஞ்சம்தானே மேலே என்று தோன்றும். தசை கரைந்த ஒரு ஈரல் நோயாளிக்கு இது சிறுநீரகம் தந்திருக்கும் கடைசி நேர எச்சரிக்கை. சோடியமும் 128க்கு இறங்கியிருக்கிறது.

ஆகவே இந்த எண்களோடு, சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும் நீர் மாத்திரைகளை இப்போதைக்கு நிறுத்தி வைப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோனும் ஃப்யூரோசமைடும் நல்ல மருந்துகள்தான். பொதுவாக 100 மி.கி.க்கு 40 மி.கி. என்ற கணக்கில் சேர்த்துத் தருவோம். ஆனால் சிறுநீரகம் தளரும்போதும், சோடியம் இறங்கும்போதும், மூளை மந்தமாகும்போதும் அவையே தள்ளிவிடும். அல்புமின் ஏற்றிப் பார்த்தும் கிரியேட்டினின் இறங்கவில்லை என்றால் டெர்லிப்ரெசின் போன்ற மருந்து தேவைப்படலாம். அதை இதயம், ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்துக் கவனமாகக் கொடுக்க வேண்டும், வீட்டில் செய்கிற காரியம் இல்லை.

இன்னொன்று. இந்த முறை சேர்த்ததும் வயிற்று நீரில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். சிகிச்சைக்காக லிட்டர் கணக்கில் எடுப்பது வேறு, சோதனைக்காக ஒரு சிரிஞ்ச் எடுப்பது வேறு. நீர் கோத்த வயிற்றோடு மருத்துவமனையில் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்ய வேண்டும். அந்த நீரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் கிருமித் தொற்று என்று எடுத்துக்கொண்டு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவோம். காய்ச்சலும் வயிற்று வலியும் இருந்தால்தான் தொற்று என்று நினைக்காதீர்கள். பலருக்கு இரண்டும் இருக்காது. ஆள் மந்தமாவதும் கிரியேட்டினின் ஏறுவதும் மட்டுமே தடயம். உங்கள் கணவருக்கு இரண்டுமே இருக்கின்றன.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோமே, திரும்ப ஏற்றுக்கொள்வார்களா என்றும் தயங்கியிருந்தீர்கள். அந்தக் கையெழுத்து அன்றைக்கு நீங்கள் எடுத்த முடிவுக்கு மட்டும்தான். அதை வைத்து உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளும் டிஸ்சார்ஜ் சம்மரியும் உங்களிடம் இல்லை என்றால் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன.

கருப்பு மலம்: எல்லாவற்றையும் விட அவசரம்

இரும்பு மாத்திரையாலும் மலம் கருக்கும், உண்மைதான். ஆனால் அது கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். உள்ளே ரத்தம் கசிந்தால் தார்போலப் பளபளவென்று பிசுபிசுத்து, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது, நாற்றம் குடலைப் பிரட்டும். தொலைபேசியில் நீங்கள் சொன்னது இரண்டாவது வகை. குடலுக்குள் இறங்கிய ரத்தமும் அம்மோனியாவாகத்தான் மாறும், ஆக மூளை மந்தத்துக்கு அதுவும் ஒரு தள்ளல்.

எட்டு மாதமாக எண்டோஸ்கோப்பி செய்யவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், குழாய் விட்டால் கிழிந்துவிடும் என்ற பயத்தில். குழாய் விடாமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம். உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் வீங்கியிருந்தால், கசிவை நிறுத்த அவற்றுக்கு ரப்பர் வளையம் போடுவார்கள். இதை நாங்கள் பேண்டிங் என்போம். ஒரே தடவையில் முடியாது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று, எல்லாம் வற்றும் வரை போக வேண்டும். முதல் தடவையோடு நின்றுவிடுகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து ரத்த வாந்தியோடு வருகிறார்கள். கூடவே அந்த அழுத்தத்தைக் குறைக்கும் ப்ராப்ரனலால் அல்லது கார்விடிலால் மாத்திரை தரலாம். ஆனால் நீர் கோத்த வயிறு, தளர்ந்த சிறுநீரகம், 90க்குக் கீழே இறங்கும் மேல் ரத்த அழுத்தம் இருப்பவருக்கு அதைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களாக வாங்கிவிடாதீர்கள்.

எப்போதாவது ரத்தமாக வாந்தி எடுத்தால், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்கும் நேரத்தையும் கணக்கில் வைத்து, வாந்தி நின்றுவிட்டதே, காலையில் போகலாம் என்று இருக்காதீர்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் சிரை ஊசியும் முதல் மருந்துகளும் போட்டு அனுப்பினால் அதுவே பெரிய உதவி. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நேராகப் போவது நல்லது. அங்கே டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு, ஆன்டிபயாடிக் இரண்டையும் முதலில் தொடங்கி, 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். உறவினர்கள் கூடி நின்று இன்னும் ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றுங்கள் என்று வற்புறுத்துவது உண்டு. அதிக ரத்தம் ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடியும் கசியும். பொதுவாக ஹீமோகுளோபின் 7-8 என்ற அளவில் வைத்தால் போதும்.

மூட்டு வலி ஊசியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கசிவையும் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாமே ஒதுக்க வேண்டியவை. ஈரலுக்கு ஆகாது என்று எல்லோரும் பயப்படும் பாராசிட்டமால்தான் உண்மையில் அவருக்குப் பாதுகாப்பு. குடிக்காமல் இருக்கும்வரை ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்குள், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்குக்குள் வைத்துக்கொள்ளலாம்.

மாமியாரின் பத்தியம்

இதில் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பருப்பு, முட்டையை நிறுத்து என்று முன்பு மருத்துவர்களே சொன்னதுதான். இப்போது அந்த அறிவுரை மாறிவிட்டது. இந்த நோயில் தசை வேகமாகக் கரைகிறது, தசையும் அம்மோனியாவை உறிஞ்சி அகற்றும் இடம், எனவே புரதத்தைக் குறைத்தால் மந்தம் குறையாது, ஆள்தான் எலும்பாவார். நீர் எடையைக் கழித்து, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், கஞ்சியும் ஊறுகாயும் எவ்வளவு தூரம் எட்டும் என்று தெரியும். பருப்பு, பாசிப்பயறு, கொள்ளு, மோர், பால், முட்டை, மீன், கோழி எல்லாம் கொடுக்கலாம். மந்தம் அடிக்கடி வருகிறவருக்குப் பால், பயறு வகைப் புரதம் இன்னும் நன்றாக ஒத்துக்கொள்ளும்.

நேரமும் முக்கியம். இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு மறுநாள் எட்டு மணிக்கு இட்லி என்றால், நடுவே உடம்பு தன் தசையையே எடுத்து எரிக்கும். படுக்கும் முன் ஒன்பதரை, பத்து மணிக்குச் சத்துமாவுக் கஞ்சியோ, பாலும் ரொட்டியுமோ கட்டாயம் வேண்டும். விரதம், ஒருவேளைச் சாப்பாடு எல்லாம் அவருக்கு வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

கட்டுப்படுத்த வேண்டியது உப்பு. நாள் முழுவதுக்கும் சேர்த்து 5 கிராம், மட்டமாக ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ், கடைச் சாப்பாடு எல்லாம் இந்தக் கணக்கை ஒரே வேளையில் தின்றுவிடும். நம் சேலத்துத் தட்டுவடை செட்டும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது, எழுதும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. இந்துப்பு போட்டால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். அதுவும் சோடியம்தான். ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்தால் இதயத் துடிப்பையே கெடுக்கும்.

தண்ணீரை இரண்டு டம்ளராகக் குறைத்தது தேவையில்லாத தண்டனை. நீர் கோப்பது குடிக்கும் தண்ணீரால் இல்லை. சோடியம் 125க்குக் கீழே போனால் மட்டும் மருத்துவர் அளவு சொல்வார். மற்ற நேரம் தாகத்துக்குக் குடிக்கட்டும்.

கீழாநெல்லி, மூலிகைப் பொடி, லேகியம் எதுவும் இப்போது வேண்டாம். தழும்பேறிய ஈரலை அவை திருப்பிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பொட்டலத்தில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. நல்லது என்று பலரும் குடிக்கும் சீந்தில் கொடியால் ஈரல் அழற்சி வந்தவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கக்கூடிய உள்ளூர்ச் சரக்கு ஒன்று உண்டு: உங்கள் தோட்டத்துக் காபி. தினமும் இரண்டு, மூன்று கப் காபி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பும் ஈரல் புற்றுநோயும் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மருந்து என்று சொல்லமாட்டேன், தடுக்கவும் மாட்டேன். இரவு தூக்கம் கெட்டிருக்கும் அவருக்கு மதியத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாற்று ஈரலும் மகனும்

பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு) 3.1, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் அளவு) 1.7, கிரியேட்டினின் 1.3, சோடியம் 128 என்ற உங்கள் எண்களை வைத்துக் கணக்கிட்டால், ஈரல் நோயின் தீவிரத்தைக் காட்டும் மெல்டு-சோடியம் மதிப்பெண் 25 வருகிறது. 15-ஐத் தாண்டினாலே மாற்று ஈரல் மையத்தில் ஒரு முறை காட்டச் சொல்வோம். ஆனால் இது பல தள்ளல்கள் சேர்ந்து வீழ்த்தியிருக்கும் நேரத்து மதிப்பெண். கசிவு நின்று, தொற்று இருந்தால் அது தீர்ந்து, சிறுநீரகம் திரும்பினால் குறையும். குடியை முழுவதுமாக விட்ட சிலருக்கு, மாதங்கள் போகப் போக வயிற்று நீரே கோக்காத அளவுக்கு ஈரல் தேறுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே தேறுகிறாரா என்று பார்ப்பதையும் மாற்று மையத்தில் காட்டுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாமல் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். எட்டு மாதம் குடிக்காமல் இருப்பது அங்கே அவருக்குப் பெரிய பலம். அவர் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பலத்தைக் கெடுக்கும், இதையும் கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்.

மகனுக்கு வருகிறேன். 18 வயது முடிந்தால் சட்டப்படி கொடையாளியாகலாம். 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவினர்கள். சட்டம் அனுமதிக்கிறது என்பதால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிடாது. வலது பக்க ஈரலை எடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும். சில மாதங்களில் வளர்ந்துவிடும், ஆனால் அறுவையில் பித்தக் கசிவு, தொற்று, மிக அரிதாக உயிரிழப்பும் நடந்திருக்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் ஒரு பையனுக்கு இந்த ஆபத்தை நாம் ஏற்படுத்துகிறோம். எனவே மையத்தில் அவனைத் தனியாக உட்கார வைத்து, நீங்கள் யாரும் இல்லாமல் பேசச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவன் சொன்னால், பொருந்தவில்லை என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும்படி மருத்துவரிடம் அவன் கேட்டுக்கொள்ளலாம். அந்த வழி திறந்திருக்கிறது என்பதை அவனுக்கு நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரின் உடன்பிறந்தவர்களையும் பார்க்கலாம். சர்க்கரை வியாதி இருப்பதால் உங்களை ஒதுக்கியது சரியான முடிவுதான், அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

உயிருள்ள கொடையாளி இல்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் ஈரல், தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வரிசைப்படி கிடைக்கும். அனுமதி பெற்ற ஒரு மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மாற்று ஈரல் அறுவை நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் வருவீர்கள். பேண்டிங், மருத்துவமனைச் சேர்க்கை, மாற்று ஈரல் என்று எது எவ்வளவு வரை வரும் என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். நிலத்தையோ வண்டியையோ அவசரப்பட்டு விற்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நீர் மாத்திரை மறுபடி எப்போது, எந்த அளவில், அடுத்த பேண்டிங் தேதி, ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டிய கிரியேட்டினின், சோடியம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரல் ஸ்கேனும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும். கடைசியாகச் சொன்னது, சுருங்கிய ஈரலில் வரக்கூடிய புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிப்பதற்கு. அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்களா என்பது உங்கள் தாள்களில் இல்லை. குடிகாரர் என்று முத்திரை விழுந்துவிட்டால் மற்ற காரணங்களை யாரும் தேடுவதில்லை. இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சி இருந்தால் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகிவிடும். அவர் நிலைக்குச் சில சமயம் கூடுதல் காலம் ஆகலாம். பி இருந்தால் அடக்கி வைக்கும் மாத்திரை உண்டு. தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். பி இருப்பதாக வந்தால் நீங்கள், மகன், மாமியார், கொழுந்தனார் எல்லோரும் ரத்தம் பார்த்துக்கொண்டு, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று.